கதையை முடிக்க விடுங்கள், அண்ணாச்சிமாரே

கூடங்குளம், வைராவிகிணறு, செட்டிகுளம், விஜயாபதி, ராதாபுரம் என்று இந்த வட்டாரத்தில் கோயில் கொடை நடத்துகிற கமிட்டி அண்ணாச்சிமாருக்கு,

உங்கள் தலைக்கட்டு வரி நோட்டில் என் பெயர் இருக்காது. என் வீட்டுக்காரர் பெயர்தான் இருக்கும். அந்த வரிப்பணத்தில் பாதி என் தையல் மிஷினிலிருந்து வந்தது என்பது நோட்டில் ஏறாத கணக்கு. கொடைக்கு நாள் குறிக்கிற கூட்டத்துக்கும் வரவு செலவு வாசிக்கிற கூட்டத்துக்கும் எங்களை யாரும் கூப்பிடுவதில்லை. திருவிளக்குப் பூசைக்கு மட்டும் குழாய்வழியாகக் கூப்பிடுவீர்கள். அங்கே எழுந்து நின்று சொல்ல வாய்க்காததை இங்கே எழுதுகிறேன். கோபத்தில் எழுதுகிறாள் என்று தள்ளிவிடாதீர்கள். கோபமும் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது.

விஷயம் வில்லுப்பாட்டு.

போன கொடைக்கு அடித்த நோட்டீஸை எடுத்து ஒருதரம் பாருங்கள். எந்த ஊர் நோட்டீஸ் என்று கேட்காதீர்கள், எல்லா ஊர் நோட்டீஸும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. மேலே அம்மன். ஓரத்தில் கட்சிக்காரர்கள். நடுவில் கொட்டை எழுத்தில் ‘மாபெரும் இன்னிசை விருந்து’, டி.வி.யில் பாடின பிள்ளைகளின் படம், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். வில்லு எங்கே என்று தேடினால், அன்னதானத்துக்கும் வாணவேடிக்கைக்கும் நடுவே ஒரு வரி: மாலை 6 மணிக்கு வில்லிசை. வில்லை முன்னின்று பாடுகிற அண்ணாவியின் படம் ரேஷன் கார்டில் ஒட்டுகிற அளவு.

ஆறு மணி என்று போட்டிருந்தாலும் மைக் செட்காரர் பக்திப் பாட்டை நிறுத்த ஆறே முக்கால் ஆகிவிடும். காப்புப் பாட்டு, குரு வணக்கம், சபை வணக்கம் முடிந்து, உபயதாரர் பெயரெல்லாம் வாசித்து, பொன்னாடை போர்த்தி, கதைக்குள் நுழையும்போது ஏழரை. எட்டேகாலுக்கு எதிர்மேடையில் கீபோர்டுக்காரர் ‘செக், செக்’ என்று ஆரம்பித்துவிடுவார். உடுக்கு ஒரு பக்கம், டிரம்ஸ் ஒரு பக்கம். ஆடி மாதமானால் நம்மூர்க் காற்றும் மைக்குக்குள் புகுந்து ஊளையிடும். இத்தனையையும் தாண்டி அண்ணாவி தொண்டை கிழியப் பாடவேண்டும்.

நான் உட்கார்ந்து கேட்ட ஒரு கொடையில் சுடலைமாடன் கதை. பார்வதி விளக்குச் சுடரை முந்தானையில் ஏந்திப் பிள்ளை பெற்றாயிற்று. பிள்ளை நடுராத்திரி எழுந்து சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்றுவிட்டு வந்து ஒன்றும் தெரியாததுபோலத் தொட்டிலில் கிடக்கிறது. ‘இவன் கைலாசத்தில் இருக்க லாயக்கில்லை, பூலோகத்துக்கு அனுப்பு’ என்கிற இடம். கமிட்டியிலிருந்து ஒருவர் குனிந்து அண்ணாவியின் காதில் என்னமோ சொன்னார். அடுத்த மூச்சில் மங்களம். சுடலை இன்னும் கைலாசத்தை விட்டு இறங்கவே இல்லை, அண்ணாச்சி! அந்தரத்தில் நிற்கிற சாமிக்கு நடுச்சாமத்தில் படப்புப் படையல் போட்டார்கள். சாமியாடுகிற கோமரத்தாடி பாவம், வெறும் மேளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஆடி முடித்தார்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் சிரிக்க முடியாத ஒன்று இருக்கிறது. வில்லு நம் கொடையில் எதற்கு வந்தது? மேளம் போல, வேடிக்கை போல, சோறு வேகிறவரைக்கும் ஆட்களை உட்காரவைக்கிற ஏற்பாடாகவா வந்தது? கதையைப் பாடிப் பாடித்தான் சாமியை ஊருக்குள் கொண்டுவருகிறார்கள். சிவன் வரத்தால் பிறந்த தெய்வங்கள் உண்டு. நம்மைப் போலப் பிறந்து, வெட்டுப்பட்டும் குத்துப்பட்டும் செத்து, பிறகு தெய்வமான வாதைகளும் உண்டு. அந்த வாதைகள் எங்கே செத்தார்களோ அந்த இடத்துக்குக் கதை வரும்போதுதான் கோமரத்தாடியின் தோள் நடுங்கத் தொடங்கும். சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவர்கள்தானே நீங்கள், நான் சொல்லியா தெரியவேண்டும்? அப்படியிருக்க, சாவுக் கட்டத்துக்கு முன்னாலேயே வில்லை இறக்கச் சொன்னால் எதைக் கொண்டாடுகிறோம் என்பதே எனக்குப் புரியவில்லை.

முழுசாக ஒரு கதை நடந்தால் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பலருக்கு மறந்துபோயிருக்கலாம், இளவட்டங்கள் பார்த்தே இருக்கமாட்டார்கள்.

என் பிறந்த ஊர் சேரன்மகாதேவிக்கு அந்தப் பக்கம், ஆற்றங்கரை. அங்கே சமீபத்தில் ஒரு சித்திரைக் கொடைக்குப் போயிருந்தேன். பட்டவராயன் கதை, அதுதான் முத்துப்பட்டன் கதை. விளக்கு வைத்ததும் வில்லைக் கட்டிவிட்டார்கள். பந்தலில் ஒரு டியூப் லைட், இரண்டு சின்னப் பாக்ஸ், வேறு ஆடம்பரம் கிடையாது. அண்ணாவி ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும். அரக்குச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, வெற்றிலை போட்ட வாய். வில்லுக்குப் பின்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு வீசுகோலையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு நாணில் ஓர் அடி கொடுத்தார் பாருங்கள், வில்லில் கட்டின மணி அத்தனையும் ஒரே நேரத்தில் குலுங்கிற்று. அடித்த வேகத்திலேயே வலது கைக்கோலை மேலே எறிந்து, அது டியூப் லைட்டுக்குக் கிட்டே போய்ச் சுழன்று வருவதற்குள் ஒரு அடி பாடி முடித்து, கோலைப் பிடித்து, தாளம் பிசகாமல் திரும்ப நாணில் வைத்தார். முன்வரிசைப் பிள்ளைகள் கை தட்டின. அதற்காகவே இன்னும் ஒருதரம் எறிந்தார்.

எனக்குக் கண் முழுக்கக் குடக்காரர் மேல்தான். கறுத்து மினுமினுக்கிற மண்குடம், வைக்கோல் பிரிமணையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. வலது கையில் கமுகம்பாளைப் பத்தி; அதைக் குடத்து வாயில் தட்டினால் ‘கும்’ என்று நம் வயிற்றுக்குள்ளே இறங்குகிறது. இடது கையில் ஒரு காசு. அதைக் குடத்துக் கழுத்தில் தட்டினால் சலங்கை மாதிரி சிணுங்குகிறது. ஒரே குடத்துக்குள் தவிலும் இருக்கிறது, கிண்ணாரமும் இருக்கிறது. சோகமான இடங்களில் பத்தியை முழுசாக எடுக்காமல் வாயை மூடினாற்போல வைத்து அமுக்குவார். குடம் விம்முவதாகத் தோன்றும். அந்த மனிதர் இரவு முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.

கதை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் கேளுங்கள். ஆரியநாயகபுரத்துப் பிராமணப் பிள்ளை முத்துப்பட்டன், அண்ணன்மாரோடு சண்டை போட்டுக்கொண்டு ஊரைவிட்டுப் போனவன், பாபநாசத்து மலைக்காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்று இரண்டு பெண்கள் பாடுவதைக் கேட்டு மயங்குகிறான். மாட்டுக்குக் காவல் காக்கிற அருந்ததியர் குலத்து வாலப்பகடையின் மகள்கள். பகடையிடம் பெண் கேட்கிறான். பகடை நடுங்கிப்போகிறான். கடைசியில் ஒரு நிபந்தனை: பூணூலை அறு, குடுமியை எடு, தோல் பதனிட்டுச் செருப்புத் தைத்து விற்றுவிட்டு வா, பெண் தருகிறேன். பட்டன் அத்தனையும் செய்கிறான்.

செருப்புத் தைக்கிற கட்டத்தில் அந்த அம்மா பந்தலையே உருட்டிவிட்டார். பட்டன் முதன்முதலாகத் தைத்த ஜோடியை எடுத்துக் காட்டுகிறானாம், இரண்டும் இடக்கால் செருப்பு. பக்கத்துப் பாட்டுக்காரர் முகத்தை நீட்டிவைத்துக்கொண்டு, “அப்ப மாமனாரு என்ன சொன்னாரு?” என்றார். “என்ன சொன்னாரு? ஒனக்கு ரெண்டு காலும் இடக்காலா இருந்தாத்தான் என் ரெண்டு மவளையும் ஒண்ணாக் கேப்பேன்னாரு!” என்று இந்த அம்மா சொல்ல, குடக்காரர் இடது கைக் காசை மட்டும் இரண்டு தடவை தட்டினார். என் சின்னாத்தாளுக்கு எழுபது தாண்டிவிட்டது. வாய்க்குள் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தாள்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே கல்யாணம் நடக்கிறது. கல்யாண ராத்திரியே சேதி வருகிறது, மாட்டைக் கள்ளர்கள் ஓட்டிக்கொண்டு போகிறார்கள் என்று. மஞ்சள் காயாத பெண்கள் இரண்டு பேரும் கெட்ட கனாக் கண்டோம், போகவேண்டாம் என்கிறார்கள். போகிறான். சண்டையில் ஜெயிக்கிறான். ரத்தத்தைக் கழுவ ஓடையில் குனியும்போது, ஒளிந்திருந்தவன் ஒருவன் பின்னாலிருந்து குத்திவிடுகிறான். அந்த அம்மா அந்த இடத்தில் பாட்டை நிறுத்திவிட்டு வெறும் பேச்சாகச் சொன்னார். வில்லில் கை வைக்கவில்லை. உடுக்கு மட்டும். சாமி வந்தது. யார் மேல், எப்படி என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அது அந்த ஊர்க்காரர்களுக்கும் சாமிக்கும் நடுவில் உள்ளது. அதன்பின் பொம்மக்காவும் திம்மக்காவும் சிங்கம்பட்டி ராசாவிடம் உத்தரவு வாங்கித் தீயில் இறங்குகிற வரைக்கும் பாடி, பட்டன் சொரிமுத்தையனார் கோயிலில் நிலையம் கொள்கிற வரைக்கும் பாடி, வரம் கேட்டு, வாழி பாடித்தான் வில்லை இறக்கினார். இன்றைக்கும் காரையாற்றில் அந்தச் சந்நிதிக்கு ஜனங்கள் தோல் செருப்புக் காணிக்கை கொண்டுபோய் மாட்டுகிறார்களே, அது ஏன் என்று என் அக்கா மகன் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டான். பொறியியல் படிக்கிறவன். போனை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான் என்பதை அவன் அம்மாவே நம்பவில்லை.

நல்ல ராத்திரி. பல வருஷத்துக்குப் பிறகு வாய்த்த நல்ல ராத்திரி. கண்ணீரும் சிரிப்பும் ஒரே இடத்தில் கிடைக்கிற சந்தோஷம் அது. காசு கொடுத்து ஏ.சி. தியேட்டரில் உட்கார்ந்தாலும் கிடைக்காது. அதை ஏன் என் பிள்ளைகளுக்கு நம்மூரில் கொடுக்கமுடியவில்லை?

நீங்கள் சொல்லப்போகிற பதில்கள் எனக்குத் தெரியும். திண்ணையில் உட்கார்ந்து அரிசி புடைக்கும்போது உங்கள் கூட்டத்துப் பேச்செல்லாம் காதில் விழும்.

வில்லுக்கு ஆள் வருவதில்லை என்பது முதல் பதில். முக்கால் மணி நேரத்தில் அறுபட்டுப்போகிற கதைக்கு யார் வருவார்கள்? மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் இன்றைக்கும் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிறது. ஆர்மோனியமும் மிருதங்கமும் வைத்துக்கொண்டு, நாரதரும் வள்ளியும் மணிக்கணக்காகத் தர்க்கம் பண்ணுகிறார்கள். ஜனம் பாயைப் போட்டு உட்கார்ந்து கேட்கிறது. எழுதினவர் வேற்று ஊர்க்காரரும் இல்லை, தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். 1922-இல் காலமானார், நூறு வருஷம் தாண்டியும் அவர் பாட்டுக்கு ஆள் உட்காருகிறது. அங்கே முருகன் வேடன் வேஷத்தில் தினைப்புனத்துக்குள் நுழைகிற நேரத்தில், “போதும், ஆர்கெஸ்ட்ரா காத்திருக்கிறது” என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும். நாற்காலி பறக்கும். சத்தீஸ்கரில் தீஜன் பாய் கையில் ஒற்றைத் தம்பூராவை வைத்துக்கொண்டு பாரதக் கதையைப் பாடியே நாடு நாடாகப் போனார். 2019-இல் பத்மவிபூஷண் கொடுத்தார்கள். நீளமான கதையை ஜனங்கள் கேட்கமாட்டார்கள் என்பது நாமாகக் கட்டிக்கொண்ட முடிவு.

அடுத்தது, வெளியூர்ப் பையன்கள். சென்னையிலும் மும்பையிலும் துபாயிலும் இருந்து வருகிற பையன்கள்தான் கச்சேரிக்குத் தனியாக வசூல் பண்ணித் தருகிறார்கள், அவர்கள் ஆசையை மறுக்க முடியாது என்கிறீர்கள். நியாயம். நானும் பாட்டுக் கச்சேரிக்கு எதிரி இல்லை. இளையராஜா பாட்டுக்கு நானும் தலையாட்டுவேன், பழைய டி.எம்.எஸ். பாட்டென்றால் எழுந்து போகவேமாட்டேன். ஆனால் அந்தப் பாட்டெல்லாம் போனில் இருக்கிறது, பஸ்ஸில் இருக்கிறது, டீக்கடையில் இருக்கிறது. இசக்கி கதை எங்கே இருக்கிறது? வருஷத்தில் அந்த ஒரு ராத்திரியில், நம் கோயில் வாசலில் மட்டும்தான். துபாயில் கிடைக்காத ஒன்றைக் கேட்கத்தானே பையன் டிக்கெட் போட்டு வரவேண்டும்? அவன் கேட்கிற கச்சேரியையும் வையுங்கள். மறுநாள் ராத்திரி வையுங்கள்.

வில்லுக்காரர்களே இப்போது சினிமா மெட்டில்தானே பாடுகிறார்கள் என்று இன்னொருவர் சொன்னார். பாடட்டும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நாடகமேடை மெட்டு வந்த காலத்தில் அதையும் வில்லுக்குள் எடுத்தார்கள், சினிமா வந்தபிறகு அதையும் எடுத்தார்கள். எந்த மெட்டில் வந்தாலும் கதை கதைதான். எனக்கு உறுத்துகிறது வேறொன்று. எதிர்மேடையோடு போட்டி போட்டாகவேண்டிய கட்டாயத்தில் இப்போது சில குழுக்கள் குடத்தை ஓரமாக வைத்துவிட்டு எலக்ட்ரானிக் பேடைத் தட்டுகிறார்கள். அது அவர்கள் தப்பில்லை. நீங்கள் போடுகிற மேடை அப்படி.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இது கொஞ்சம் கசக்கும். நேரம் இல்லை என்று கதையை வெட்டுவது ஒரு ரகம். ‘இந்தக் கட்டம் வேண்டாம்’ என்று வெட்டுவது இன்னொரு ரகம். ஒரு ஊரில், ஊர்ப் பேர் வேண்டாம், பட்டவராயன் கதை பாட வந்த அண்ணாவியிடம், பெண்களின் சாதியைச் சொல்லாமல் பாடும்படி முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அவர் ‘மலையில் இருந்த பெண்கள்’ என்று மழுப்பிப் பாடிவிட்டுப் போனார். பூணூலை ஏன் அறுத்தான், செருப்பை ஏன் தைத்தான் என்று எதுவும் ஒட்டவில்லை. நம் நாங்குநேரிக்காரர் நா. வானமாமலை, 1971-இல் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாக முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்தவர், இதை அப்போதே கண்டுபிடித்து எழுதிவைத்திருக்கிறார்: அந்தப் பெண்கள் பிறப்பில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்ததைப் பகடை எடுத்து வளர்த்தான் என்று பிற்காலத்தில் ஒரு முன்கதையை ஒட்டவைத்திருக்கிறார்கள் என்று. அப்போதாவது கதையோடு கதை சேர்த்தார்கள். இப்போது கத்தரிக்கோலையே எடுத்துவிட்டோம். செத்த பிறகு தெய்வமாக்கிக் கும்பிடுகிறோம்; வாழ்ந்ததைச் சொன்னால் மட்டும் கூசுகிறதா?

பாடுகிறவர்களைப் பற்றியும் நீங்கள் கொஞ்சம் நினைக்கவேண்டும். சத்திரம்புதுக்குளத்தில் 1928-இல் பிறந்த சுப்பு ஆறுமுகம் ஐயா இந்த வில்லைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போனார்; கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அவரை அழைத்துப்போனார். காந்தி கதை பாடினார். 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது, அடுத்த வருஷம் காலமானார். அந்தச் செய்தி வந்த அன்று நம் வாட்ஸாப் குரூப்பில் எல்லோரும் கண்ணீர் படம் போட்டோம். ஆனால் பக்கத்துக் கன்னியாகுமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மாவை எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? பெண்கள் வில்லடிப்பது அபூர்வமாக இருந்த காலத்தில் சின்னப் பெண்ணாக மேடை ஏறினவர். கொடை கொடையாகப் போய்ப் பாடினவர். கடைசிக் காலத்தை வறுமையில் கழித்து 2018-இல் கண்ணை மூடினார். இன்றைக்கு வில்லிசை நோட்டீஸ்களில் பெண் அண்ணாவிகள் பெயர் இத்தனை வருகிறதென்றால், அந்த மாதிரிப் பெண்கள் முதலில் வந்து உட்கார்ந்ததால்தான். கணியான் கூத்துக்காரர்கள் நிலையும் இதேதான். சுடலை கொடைக்கு அவர்கள் மகுடப் பறை அடிக்காமல் முடியாது என்றிருந்த ஊர்களில்கூட, சடங்குக்கு வேண்டிய அளவு அடித்துவிட்டு ஓரமாக நில்லுங்கள் என்கிறார்கள்.

ஒரு வில்லுக் குழுவில் ஆறேழு பேர் வருகிறார்கள். வேன் வாடகை, வரும் வழியில் சாப்பாடு, எல்லாம் அவர்கள் பொறுப்பு. வந்து இறங்கினால் கோயில் மதில் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலி. அண்ணாவி பெண்ணாக இருந்தால் சேலை மாற்ற ஒரு வீடு தேடி அலையவேண்டும். என் வீட்டுக்கே வந்திருக்கிறார்கள், தாராளமாக வரட்டும், ஆனால் அது உங்கள் பொறுப்பில்லையா? எதிர்மேடைக்காரர்களுக்கு மண்டபத்தில் ஏ.சி. அறை போடத் தெரிந்த கமிட்டிக்கு இது தெரியாதா?

ராத்திரி பத்து மணிக்கு மேல் மைக் கூடாது, போலீஸ் வந்துவிடுகிறது, அதனால்தான் கச்சேரிக்கு நேரம் விட்டு வில்லைச் சுருக்குகிறோம் என்பது உங்கள் கடைசிப் பதில். சட்டம் சரிதான். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. 2005-இல் உச்ச நீதிமன்றமும் அழுத்திச் சொல்லிவிட்டது. பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கிற வீடு, கைக்குழந்தை உள்ள வீடு, ஷிப்டு முடிந்து தூங்குகிற ஆட்கள் எல்லாம் இருக்கிற ஊரில் அது வேண்டியதும்கூட. ஆனால் இந்தச் சட்டத்தை வைத்து நீங்கள் போட்ட கணக்குத்தான் தலைகீழாக இருக்கிறது. மைக் உள்ள நல்ல நேரம் முழுவதையும் கச்சேரிக்குக் கொடுத்துவிட்டு, கதையைத் துண்டாக்கினீர்கள். அதைத் திருப்பிப் போட்டால் போதுமே? விளக்கு வைத்ததும் வில்லைக் கட்டினால் பத்து மணிக்குள் மூன்றரை மணி நேரம் கிடைக்கிறது. தேர்ந்த அண்ணாவிக்கு ஒரு கதையை அதன் உயிர் போகாமல் பாட அது போதும். மீதி ஏதும் இருந்தால் குழாயை அணைத்துவிட்டுக் கோயில் மண்டபத்துக்குள் உட்கார்ந்து, அடக்கமாகப் பாடி முடிக்கட்டும். கடலோரத்தில் ஆயிரம் ஆயிரம் மெகாவாட்டில் இரண்டு அணு உலை ஓடுகிற ஊர் நம்முடையது. ஒரு யூனிட் கரண்டுகூட இல்லாமல் ஊரையே உட்காரவைத்த பாட்டு இது. கேட்கிறவன் கிட்டே வந்து உட்காரட்டும். முக்கு முக்குக்குக் கட்டுகிற கூம்புக் குழாயால்தான் எல்லோரும் வீட்டிலேயே கட்டிலில் கிடந்து கேட்கப் பழகிவிட்டார்கள்.

இதற்குப் பெரிய செலவு கிடையாது. எல்.இ.டி. திரையின் ஒரு நாள் வாடகையை மிச்சம் பிடித்தால் நல்ல வில்லுக் குழுவுக்கு அவர்கள் கேட்கிறதைக் கொடுத்துவிடலாம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். வருகிற கொடையில், சாமக்கொடை நடக்கிற அந்தப் பெரிய ராத்திரியை வில்லுக்கு விட்டுக்கொடுங்கள். விளக்கு வைத்ததும் தொடங்கட்டும். வாழி பாடுகிறவரை அண்ணாவியின் காதருகில் யாரும் போகக்கூடாது. பொன்னாடையையும் உபயதாரர் பட்டியலையும் கதை முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். இன்னிசைக் கச்சேரியை மறுநாளுக்கு மாற்றுங்கள், நாங்களும் வந்து உட்காருகிறோம். எந்தக் கதை என்பதைக் கோயில் சாமியைப் பார்த்து அண்ணாவியே முடிவு செய்யட்டும், அதில் எந்த வரியை விடவேண்டும் என்று யாரும் சீட்டு எழுதிக் கொடுக்கவேண்டாம். வில்லை ரோட்டைப் பார்த்து வைக்காமல், முன்னெல்லாம் வைத்ததுபோலச் சந்நிதியைப் பார்த்து வையுங்கள். வருகிறவர்களுக்கு ஃபேன் உள்ள ஓர் அறையும், நேரத்துக்குச் சோறும், போகும்போது முழுப் பணமும் கொடுங்கள். ‘பிறகு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்’ என்ற பேச்சு வேண்டாம்.

நோட்டீஸ் அச்சுக்குப் போகிறதற்கு முன்னால் ஒரு கூட்டம் போடுவீர்கள் அல்லவா, அதற்கு வீட்டுக்கு ஒரு பெண்ணையும் கூப்பிடுங்கள். கூப்பிட மனசு வராவிட்டாலும் பரவாயில்லை, அந்த நோட்டீஸில் இரண்டு வரியை மட்டும் இடம் மாற்றிப் போடுங்கள். அண்ணாவியின் படத்தையும் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். பிளாக் செலவு ஏறினால் அதை எங்கள் மகளிர் குழுப் பெண்களே வசூல் பண்ணித் தருகிறோம். ரசீதில் எங்கள் பெயரையே எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்த ஒருத்தி